பெயரில்லாத குரல்கள்

அத்தியாயம் பதினேழு

எதிரியே வீடு தேடி வந்து கழுத்தை நீட்டினால், கோயிலுக்குக் கிளம்பிய கால்கூட வாசலில் ஒரு நிமிடம் தயங்கி நிற்கும். மங்கையர்க்கரசியின் கால் அன்று காலை அப்படித்தான் நின்றது.

கையில் எலுமிச்சம்பழ மாலையோடு தில்லைக் காளியம்மன் கோயிலுக்குப் புறப்பட்டவளின் எதிரே, கொழுந்தன் உத்திராபதி பைக்கை நிறுத்தி இறங்கினான். கைக்குட்டையில் சுற்றிய ஒரு போனை, பச்சைக் குழந்தையைத் தருவது போல நீட்டினான்.

"அண்ணி, இந்தப் போன் உசுர வாங்குது. டிஸ்ப்ளேல பச்சைக் கோடு உளுந்துடுச்சு. கொஞ்சம் சூடானா ஆஃப் ஆயிடுது. மாத்தக் குடுத்தா, மொதல்ல உள்ள இருக்கறத கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சுக்குங்க, அப்புறம் எங்களக் கேக்காதீங்கன்றான் கடைக்காரன்."

"யாரு போனு தம்பி?"

"வள்ளியோடதுதான்."

அரசியின் கையில் எலுமிச்சம்பழம் ஒன்று நசுங்கியது.

வள்ளி என்கிற புஷ்பவள்ளி உத்திராபதியின் மனைவி, அரசியின் ஓரகத்தி. திருப்பாதிரிப்புலியூரில் குடித்தனம். போன வருடம் அரசியின் ஒரே மகள் சுவேதாவுக்கு மஞ்சக்குப்பத்து அறிவழகனைப் பேசி முடித்து, தட்டு மாற்றுவதற்கு நாளும் குறித்தாயிற்று. அந்த நேரத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், "பொண்ணுக்கு வலிப்பு உண்டு" என்று சொன்னவள் இந்தப் புஷ்பவள்ளிதான். மாப்பிள்ளையின் அம்மாவே அதை அரசியிடம் போனில் சொல்லி, சம்பந்தம் வேண்டாம் என்று வைத்துவிட்டாள்.

சுவேதாவுக்குச் சின்ன வயதில் வந்த வியாதி அது. மாத்திரையில் அடங்கிக் கிடக்கிறது. அதை ஊருக்குச் சொல்ல வேண்டுமா என்ன?

அரசி நேரில் கேட்டபோது புஷ்பவள்ளி இல்லை என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். உறவில் ஒருவரும் நம்பவில்லை. "அந்தப் புள்ளையா? கோழிய வெரட்டக்கூடக் குரல் எழும்பாதே" என்றார்கள். பத்தே நாளில் புஷ்பவள்ளியின் அம்மா சின்னம்மாள் குமராட்சியில் கண்ணை மூடினாள். சாவு வீட்டில் சண்டை போட முடியுமா? அரசி வாயை மூடிக்கொண்டு திரும்பினாள். ஆனால் மனசு மூடவில்லை. அடுப்பைச் சாம்பலால் மூடி வைத்தது போல ஒரு வருடமாக உள்ளே கனிந்துகொண்டே இருந்தது.

"இன்னிக்குச் சாயங்காலம் அத்தைக்கு வருசப் படையல்ல, அண்ணி. அவுங்க குரல் பூரா இந்தப் போன்லதான் இருக்கு. எழுதத் தெரியாதவுங்க, எதுவா இருந்தாலும் வாட்ஸ்அப்புல வாய்ஸ்தான். அதக் கேட்டுட்டுத்தான் இவ சோத்துல கையே வைக்கறா. படையல் போடறதுக்கு முன்னாடி ஸ்பீக்கர்ல போட்டு எல்லாரும் கேக்கணுமாம்."

"எங்கிட்டயா குடுக்கச் சொன்னா?"

"வேற யாருகிட்ட? கடையில எல்லாம் தராதீங்க, அக்காகிட்டயே குடுங்க, அவுங்க கை பட்டா ஒண்ணும் கெடாதுன்னா." உத்திராபதி சிரித்தான். "லாக்கு பெருசா ஒண்ணுமில்ல. புள்ளி மேல விரலால 'ப' மாதிரி இழுத்தா தொறந்துக்கும்."

கூடவே ஒரு தூக்குவாளியும் கொடுத்தான். சுவேதாவுக்குப் பிடித்த ரவா லாடு. ஒரு வருடமாக அரசி அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஆனால் அங்கிருந்து இப்படி ஏதாவது வந்துகொண்டேதான் இருந்தது. அரசி வாங்கி, திறந்தும் பார்க்காமல் பரண் மேல் தள்ளினாள்.

"அண்ணன் காலையிலயே அங்க வந்துட்டாரு. நீங்களும் சுவேதாவும் இந்தத் தடவையாவது வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

எலுமிச்சம்பழ மாலையை அரசி வாசல் ஆணியில் மாட்டினாள். இனி எதற்குக் கோயில்? ஒரு வருடமாகக் கேட்ட வரத்தைக் காளி கைக்குட்டையில் சுற்றி அனுப்பிவிட்டாள்.

ஆனால் சில பேருக்கு, கேட்ட வரத்துக்குள்ளேயே தண்டனையையும் பொதிந்து கொடுப்பது தெய்வத்தின் வழக்கம். அது அரசிக்கு அப்போது தெரியாது.

* * *

கூடத்து மூலையில் இருந்த கம்ப்யூட்டரை அரசி தட்டி எழுப்பினாள். கீழ வீதிப் பக்கம் ஹபிபுல்லா பாய் நடத்தும் ஸ்டூடியோவில் அவள் ஆல்பம் டிசைன் செய்கிறாள். வீட்டிலும் வேலை பார்க்க, பாய் தந்த பழைய சிஸ்டம் அது.

அடுக்களையிலிருந்து சுவேதா எட்டிப் பார்த்தாள். தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். படையலுக்காக லீவு போட்டிருந்தாள்.

"அம்மா, அது சித்தி போனா?"

"ஆமாம். ஏன்?"

"எங்கிட்டக் குடும்மா, நான் ஏத்தறேன்." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வேகமாக வந்தாள்.

"எனக்குத் தெரியாத கம்ப்யூட்டரா? நீ போயி கொழம்பப் பாரு."

"இல்லம்மா, உனக்கு ஆல்பம் வேலை இருக்குல்ல..."

"போடின்னா!"

சுவேதா போனாள். போகும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். அதை அரசி கவனித்தாள். ஆனால் தப்பாகப் புரிந்துகொண்டாள். சித்தியின் மேல் இந்தப் பெண்ணுக்கு இன்னும் பாசமா? தன் கழுத்தில் ஏறவிருந்த தாலியைப் பிடுங்கி எறிந்தவள் மேலேயா?

'இரு. இன்னிக்கு உன் சித்தி யாருன்னு ஊரே கேக்கப் போவுது.'

திட்டம் அவள் மனதில் கோலம் போட்டது போலத் தெளிவாக இருந்தது. வாயால் கெடுத்தவள் வாயிலேயே அகப்பட வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்கு நேரில் போய்ச் சொன்னவள், போனில் நாலு பேரிடம் பேசாமலா இருந்திருப்பாள்? அந்தக் குரலை எடுக்க வேண்டும். சாயங்காலம் படையல் முன்னால் எல்லோரும் கைகூப்பி நிற்கும்போது, ஸ்பீக்கரில் சின்னம்மாளின் குரலுக்குப் பதிலாக மகளின் விஷ நாக்குப் பேச வேண்டும். அம்மாவின் குரல் எங்கே என்று கேட்டால், போன் கெட்டுப்போய் எல்லாம் அழிந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். யார் கண்டது?

கேபிளைச் செருகினாள். வெறும் சார்ஜ்தான் ஏறியது. விரலால் மேலிருந்து இழுத்து, ஃபைல் அனுப்ப அனுமதி கொடுத்தாள். பச்சைக் கோடு திரையை இரண்டாகப் பிளந்தது. போனின் வயிற்றுக்குள் ஒவ்வொரு ஃபோல்டராக இறங்கி, வாட்ஸ்அப் குரல்கள் இருக்கும் இடத்தைப் பிடித்தாள். மொத்தத்தையும் தேர்ந்தெடுத்தாள்.

காப்பி செய்யவில்லை. கட் செய்தாள்.

ஸ்டூடியோ பழக்கம் அது. கல்யாணம் முடிந்து வரும் கேமரா கார்டை அங்கே யாரும் காப்பி செய்ய மாட்டார்கள்; கட் செய்து சிஸ்டத்தில் கொட்டிவிட்டு, காலிக் கார்டை அடுத்த கல்யாணத்துக்குக் கொடுத்து அனுப்புவார்கள். கை பாட்டுக்கு அதைத்தான் செய்தது. ஆனால் இன்று கை தடுமாறியிருந்தாலும் மனசு தடுமாறியிருக்காது. போனில் ஒரு குரல்கூட மிஞ்சக் கூடாது என்பதே அவள் ஆசை.

குரல்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. கடைசிக் குரல் இறங்கி முடிந்ததும் போன் சூடேறி அணைந்தது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் ஒரு சங்கடம் தெரிந்தது. போனில் இருக்கும்போது யார் பேசியது என்று பெயரும் படமும் பக்கத்திலேயே இருக்கும். கம்ப்யூட்டருக்கு வந்ததும் எல்லாம் வெறும் தேதியும் எண்ணுமாக நின்றன. வந்ததும் போனதும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. கேட்டால்தான் யார் என்று தெரியும்.

'கேக்கறேன். பொழுது பூராவும் கேக்கறேன்.'

கல்யாணம் நின்ற பிறகு வந்தவற்றை முதலில் கேட்டுவிட்டு, பிறகு இருப்பதிலேயே பழையதிலிருந்து வரிசையாக வருவது என்று ஆரம்பித்தாள்.

"வள்ளி, கொள்ளிடத்துல தண்ணி ஏறுதாம். நான் மேட்டுத் தெருவுக்கு வந்துட்டேன். நீ பயப்படாத."

சின்னம்மாள். அரசி அதைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். குப்பைத் தொட்டிக்கும் போகாமல், ஷிஃப்டை அழுத்திப் பிடித்து ஒரேயடியாக அழித்தாள். மனசுக்கு ஒரு குளிர்ச்சி. எம் பொண்ணு கல்யாணம் எனக்கு இல்லன்னு ஆக்கின. உங்க அம்மா குரல் உனக்கு இல்ல.

"வள்ளி, மினிபஸ்காரன்கிட்ட கீரை குடுத்து வுட்டேன். வந்துச்சா? காசு கேட்டான்னா குடுக்காத. நான் குடுத்துட்டேன்."

அழித்தாள்.

"வள்ளி, உம் புருசன் பைக்குல வேகமாப் போறானாமே? நான் சொன்னன்னு சொல்லாத, ஆனா சொல்லு."

இதற்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பை விழுங்கிக்கொண்டு அழித்தாள்.

நடுநடுவே மற்ற குரல்களும் வந்தன. பால்காரர், சீட்டுக்காரம்மா, உத்திராபதி. அவற்றைத் தாண்டிப் போனாள். சின்னம்மாளின் குரல் வரும்போதெல்லாம் அவள் விரல் ஷிஃப்டுக்குப் போனது. ஒரு இடத்தில் வெறும் இருமலும் கோழிச் சத்தமும்தான் கேட்டன. குப்பை என்று நினைத்து, முழுக்கக் கேட்காமலே அடுத்ததற்குப் போனாள்.

உச்சி வெயில் சாய்ந்தது. தேடிய குரல் வரவில்லை. ஆனால் சின்னம்மாள் ஏறக்குறைய முழுவதும் போய்ச் சேர்ந்திருந்தாள், இரண்டாம் முறையாக.

அடுத்த குரலைத் தட்டினாள்.

"சித்தி, நான் சொல்லப்போறத அம்மாட்ட சொல்லாதீங்க."

அரசியின் விரல் அப்படியே நின்றது. அது சுவேதாவின் குரல்.

"எனக்கு இருக்கறத மறைச்சுட்டு என்னால கழுத்த நீட்ட முடியாது சித்தி. அவுரு நல்ல மனுசனாத் தெரியறாரு. நாளைக்கு அவுரு முன்னாடி நான் உளுந்தா? தெனம் மாத்திரைய எங்க ஒளிச்சு வைப்பேன்? நான் போயி சொன்னன்னு தெரிஞ்சா அம்மா உசுர வுட்டுடுவாங்க. நீங்க போயி சொல்லுங்க. உங்க பேரு கெட்டுடும், எனக்குத் தெரியும். ஆனா உங்கள வுட்டா எனக்கு யாரு?"

அரசி ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். எறிந்த வேகத்தில் ஒயர் கம்ப்யூட்டரிலிருந்து கழன்றது. தானாக ஓடிய அடுத்த குரல் கூடம் முழுக்க உரக்கக் கேட்டது. புஷ்பவள்ளியின் குரல், கோழி விரட்டக்கூட எழும்பாத அந்தக் குரல்:

"சரி கண்ணு. நான் போறேன். பேரு கெட்டா கெட்டுட்டுப் போவுது, பேர வச்சு ரேசன்ல அரிசியா வாங்கப்போறேன்? நீ அழுவாத. சாப்ட்டியா? சாப்ட்டுட்டு மாத்திரை போடு."

அடுக்களை வாசலில் சுவேதா கரண்டியோடு நின்றிருந்தாள்.

* * *

"நீயாடி?"

"ஆமாம்மா."

"உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கிட்டியேடி, பாவி!"

"மண்ணப் போட்டுக்கிட்டது நான்தான். ஒரு வருசமா அத வாங்கிக் கட்டிக்கிட்டது சித்தி." சுவேதா கரண்டியை மேசையில் வைத்தாள். "எத்தன தடவ உங்கிட்ட சொல்றன்னு நின்னேன். சித்திதான் வேணாம்னாங்க. அம்மா கோவம் எம் மேலயே இருக்கட்டும், அது ஆறிடும், பெத்த பொண்ணு மேல வந்தா ஆறாதுன்னாங்க."

அரசி கையை ஓங்கினாள். ஓங்கிய கை எங்கே இறங்குவது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாகத் தன் வாயையே பொத்திக்கொண்டது.

"என்னம்மா?"

அரசி திரையைக் காட்டினாள். தேதிகளுக்கு நடுவே இடைவெளி இடைவெளியாகக் கிடந்தது, அறுத்து முடித்த வயல் போல.

"ஆயா குரலெல்லாம் எங்கம்மா?"

"அழிச்சுட்டேன்."

"போன்ல இருக்குமே?"

"கட் பண்ணிட்டேன்."

சுவேதா நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்தத் தேதிகளை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். ஏதாவது திட்டியிருந்தால் அரசிக்குத் தேவலை போல இருந்தது. உடனே ஹபிபுல்லா பாய்க்குப் போன் போட்டாள்.

"பாய், ஷிஃப்ட் டெலீட் பண்ணிட்டேன். திரும்ப எடுக்க முடியுமா?"

"என்னாம்மா நீ, ஊருக்கே பாடம் சொல்ற ஆளு! வேண்டியத எடுத்துக்கிட்டு சிஸ்டத்த ஆஃப் பண்ணு. மேல ஒண்ணுத்தையும் ஏத்தாத, ஏத்துனா இருக்கறதும் போயிடும். காலையில கடைக்குக் கொண்டா, பாக்கலாம். எவ்ளோ வரும்னு சொல்ல முடியாது. அல்லா கையில இருக்கு. யாரு வூட்டுக் கல்யாணம்?"

"கல்யாணம் இல்ல பாய்" என்று சொல்லி வைத்தாள்.

வேண்டியது என்று என்ன மிஞ்சியிருக்கிறது? குப்பை என்று தாண்டிய அந்த ஒன்று நினைவுக்கு வந்தது. இருமலும் கோழிச் சத்தமும். இந்த முறை கடைசிவரை கேட்டாள். கேட்டுவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்த ஒன்றை மட்டும் சுவேதாவின் போனில் ஏற்றிக்கொண்டு, கம்ப்யூட்டரை நிறுத்தினாள். பரண் மேல் தள்ளிய தூக்குவாளியை எக்கி எடுத்தாள்.

* * *

கடலூர் பஸ்ஸில் அரசி தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு சுவேதாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆலப்பாக்கம் தாண்டும்போது தூறல் விழுந்தது. சுவேதா ஜன்னலை இழுத்து மூடினாள். அரசி வாயில் ஒரு பொய் தயாராக இருந்தது. காலையில் பழி வாங்கச் செய்து வைத்த பொய்: போன் கெட்டுவிட்டது, எல்லாம் போய்விட்டது. இப்போது அதே பொய் தப்பிக்கவும் உதவும். பொய்க்கு அந்த வசதி உண்டு. எந்தப் பூட்டுக்கும் பொருந்தும் சாவி போல அது கூடவே வரும்.

பாடலீசுவரர் கோயில் விளக்கு தெரியும் தெருவில் உத்திராபதியின் வீடு. விளக்கு வைக்கும் நேரம். சின்னம்மாளின் படத்துக்கு மாலை போட்டு, தலைவாழை இலையில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் கேழ்வரகு அடையும் வைத்திருந்தார்கள்.

ஒரு வருடம் கழித்து வாசலில் அரசியைப் பார்த்ததும் புஷ்பவள்ளி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டீங்களாக்கா! காலையிலேர்ந்து வாசலையே பாத்துக்கிட்டு இருக்கேன்."

"வாங்கடா எல்லாரும், அத்தை பேசப்போறாங்க" என்று உத்திராபதி கூப்பிட்டான். மொட்டை மாடியிலிருந்தும் அடுக்களையிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து கூடினார்கள். சுவேதா தன் போனை ஸ்பீக்கரோடு சேர்த்தாள்.

ஒரு இருமல். கோழிகளின் சத்தம். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்தக் குரல்:

"வள்ளி... ஒண்ணுமில்ல. சும்மாதான் போட்டேன். சாப்ட்டியா?"

அவ்வளவுதான். புஷ்பவள்ளி கண்ணை மூடியபடி நின்றாள். கன்னத்தில் நீர் வழிய, உதடு மட்டும் சிரித்தது. அடுத்த குரலுக்காகக் காத்திருந்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"மத்தது, சுவேதா?"

சுவேதா அம்மாவைப் பார்த்தாள்.

"மத்ததெல்லாம் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்குல்லக்கா?" புஷ்பவள்ளி கேட்டாள்.

"போன்தான் அடிக்கடி ஆஃப் ஆச்சே, ஒருவேள..." என்று உத்திராபதியே பொய்க்கு வழி விட்டுக் கொடுத்தான். அந்தப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தால் போதும்.

அரசி படத்தைப் பார்த்தாள். இலையைப் பார்த்தாள்.

"இல்ல வள்ளி. போன் மேல பழி போட மாட்டேன். நான்தான் அழிச்சேன். தெரிஞ்சே அழிச்சேன். உம் மேல இருந்த ஆத்திரத்துல, ஒவ்வொண்ணாக் கேட்டு அழிச்சேன்."

"அடிப்பாவி! இப்புடியும் ஒரு பொம்பளையா?" யாரோ ஒரு அம்மாள் வாய்விட்டுச் சொன்னாள். அரசியின் கணவர் அன்புமணி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சித்தி மேல எந்தத் தப்பும் இல்ல, அப்பா! நான்தான்..." என்று சுவேதா வாயைத் திறந்தாள். புஷ்பவள்ளி சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். வேண்டாம் என்று தலையை அசைத்தாள். அந்த நேரத்திலும் அசைத்தாள். சுவேதாவின் போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். அரசியைத் திரும்பியும் பார்க்காமல் உள்ளறைக்குப் போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

படையல் எப்படியோ முடிந்தது. வந்தவர்கள் மாடியில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அரசியை யாரும் கூப்பிடவில்லை. பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் தாயும் மகளும் நின்றார்கள்.

அந்தப் பக்கம் அதே குரல் திரும்பத் திரும்ப ஒலித்தது. "ஒண்ணுமில்ல. சும்மாதான் போட்டேன். சாப்ட்டியா?" மறுபடியும், "சாப்ட்டியா?"

"வள்ளி" என்றாள் அரசி, கதவில் நெற்றியை வைத்து. "நாளைக்குப் பாய் எடுத்துத் தரேன்றாரு. எவ்ளோ வருமோ தெரியல. வராட்டா நான் என்னா பண்ணுவேன்? ஏதாவது திட்டேன் வள்ளி. ஒரு வார்த்தை திட்டேன்."

உள்ளே சின்னம்மாளின் குரல் மட்டும் நின்றது.

சுவேதா மெதுவாகக் கதவைத் தட்டினாள். "சித்தி..."

அழுது கம்மிப்போன அந்தச் சின்னக் குரல் கதவிடுக்கு வழியாக வந்தது.

"சுவேதா, நேரமாவுதுல்ல. போயி சாப்ட்டுட்டு மாத்திரை போடு."

கதவு மட்டும் திறக்கவில்லை.